வாய்விட்டுப் படி

இன்றைக்கு இன்னும் அடிக்கத் தொடங்கவில்லை. அரிசியைக் களைந்து உலையில் போட்டாயிற்று, விறகு ஈரம், புகை கண்ணைக் கரிக்கிறது, தேக்கங்காட்டுப் பக்கம் ஒரு சத்தத்தையும் காணவில்லை. மற்ற நாட்களில் நான் அடுப்பு மூட்டும்போதே தொடங்கிவிடுவார்கள். இயக்கப் பெடியள் அந்தக் காட்டுக்குள் எங்கேயோ பீரங்கியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து அடித்தால் எங்கள் கூரைக்கு மேலால் கூவிக்கொண்டு போய் ஆமிக்காரனின் பக்கம் விழும். அது போகிற அடி. வருகிற அடிக்குத்தான் ஓடிப் பதுங்க வேண்டும், போகிற அடிக்குப் பதுங்கத் தேவையில்லை, தகரம் ஒருமுறை நடுங்கும், சட்டி பானை கிலுகிலுக்கும், அவ்வளவுதான். இந்த ஒழுங்கையில் உள்ள தாய்மார் எல்லாரும் அந்தச் சத்தம் கேட்டால் நெஞ்சில் கையை வைப்பார்கள், அங்கே யாருடைய பிள்ளை நிற்கிறதோ என்பார்கள். நான் ஒருத்திதான் அது எப்போது தொடங்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறவள். என் பிள்ளைக்கு அதுதான் பள்ளிக்கூட மணி. வீட்டுக்குப் பின்னால் முருங்கைக்குக் கீழே பங்கருக்குள், சாக்குப் படங்குக்கு அந்தப் பக்கம், நிரோஜினி விஞ்ஞானப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு என்னைப் போலவே காத்துக்கொண்டிருப்பாள். தாயும் மகளும் பீரங்கி எப்போது வெடிக்கும் என்று பார்த்துக்கொண்டு இருக்கிறோம், வெட்கக்கேடு. இதை யாரிடமாவது சொன்னால் எனக்கு மண்டை பழுதாகிவிட்டது என்பார்கள், சொல்லத்தான் ஆளில்லை. அடுப்பை ஊதினேன், கொஞ்சம் பற்றியது.

சொல்லவும் கூடாது, ஏனென்றால் நிரோஜினி இங்கே இல்லை. ஊருக்குக் கொடுத்த கதை அதுதான். மன்னாரில் பெரியம்மா வீட்டில் நிற்கிறாள், அங்கேயிருந்து படிக்கிறாள். இயக்கத்துக்கு ஆள் சேர்க்கப் பள்ளிக்கூடத்துக்கு வந்து கூட்டம் வைத்தார்களே அன்றைக்கு, மைதானத்தில் வெயிலில் பிள்ளைகளை இருத்தி, அதிபர் கதிரை தூக்கிப் போட்டுக் கொடுக்க, ஒருவன் பேசினான், ஒருத்தி பாடினாள், கூட்டம் முடிந்து பள்ளிக்கூடம் விட, போன பிள்ளைகளில் சிலர் வீட்டுக்கு வரவில்லை. வீட்டுக்கு ஓராள் என்று சட்டமாகவே வந்த பிறகு கூட்டமும் பாட்டும் கூடத் தேவைப்படவில்லை. அதற்குப் பிறகு நான் அவளை அந்தப் படலையைத் தாண்ட விடவில்லை. இவர் பகலில், ஒழுங்கையே பார்க்க, பையும் தண்ணீர்ப் போத்தலுமாக அவளைத் தன் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனார், நான் படலையில் நின்று அழுதேன், பொழுதுபட வைக்கோலுக்குக் கீழே படுக்க வைத்துத் திருப்பிக் கொண்டுவந்தார். அழுதது நடிப்புத்தான், ஆனால் கண்ணீர் நடிப்பில்லை. திரும்பி வரப்போகிறவளுக்கு ஏனடி இப்படி அழுதாய் என்று பிறகு என்னையே கேட்டேன். வைக்கோல் தூசியில் அவள் இரவு முழுக்கத் தும்மினாள், நான் வாயைப் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். தும்மலுக்கே வாயைப் பொத்தின கை இது. இவருக்கு அது போதவில்லை. ஒளித்து வைப்பதெல்லாம் எத்தனை நாளைக்கு என்றார். தன் தமக்கையின் மகன் கேதீசுக்குக் கலியாண எழுத்தை எழுதிப் போட்டால் பிள்ளை தப்பிவிடும், கலியாணம் கட்டினதுகளைக் கொண்டுபோகிறார்கள் இல்லை என்றார். கேதீஸ் நல்ல பெடியன், குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, செல் விழுந்ததில் ஒரு காது கேளாது. காது கேளாதவனுக்குக் கொடுத்தால் என் பிள்ளை படிக்கிறது யாருக்குக் கேட்கும் என்று எனக்கு அப்போது ஓடியது, பார், அந்த நேரத்திலும் அதுதான் ஓடியது. "தாலியோட என்னெண்டு ஓ.எல். சோதினை எடுக்கிறது?" என்று கேட்டேன். இவர் என்னைத் திருப்பிக் கேட்டார். "உமக்குப் பிள்ளை வேணுமோ, பெறுபேறு வேணுமோ?" இரண்டும் வேணும் என்றேன். ஒன்றைத்தான் கேட்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எங்கள் பக்கத்தில் பிள்ளையும் பெறுபேறும் ஒன்றுதான், ஒன்றைச் சொன்னால் மற்றது அதற்குள் இருக்கும். இவர் பிறகு அந்தக் கதை எடுக்கவில்லை. இப்போதும் வட்டக்கச்சிப் பக்கம் இருந்து சனத்தை ஏற்றிவரப் போயிருக்கிறார், வந்தால் சாப்பிடுவார், பங்கர் வாசலில் குனிந்து பிள்ளையைப் பார்ப்பார், என்னைப் பார்க்க மாட்டார்.

உலை கொதிக்கத் தொடங்குகிறது. இன்னும் காணோமே. இன்றைக்கு அடிக்காமல் விட்டால் பாடம் பிசகிவிடும், ஒளித்தொகுப்பை முடித்துச் சுவாசத்துக்குப் போக வேண்டும். அவள் இப்போது மனதுக்குள் வாசித்துக்கொண்டிருப்பாள். மனதுக்குள் படிப்பதும் ஒரு படிப்பா? யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் படிப்பைக் காதால்தான் அளப்பார்கள். விடியப்புறம் எந்த வீட்டிலிருந்து சத்தம் வருகிறது, எந்த வீடு செத்துக் கிடக்கிறது என்று தகப்பன்மார் பல்லைத் தீட்டிக்கொண்டு வேலியோரம் நடந்து பார்ப்பார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு தேற்றத்தைச் சொன்னால் இந்த வீட்டுப் பிள்ளை அதைவிட உரத்து ஒரு தேற்றம் சொல்ல வேண்டும். என் சத்தம் கொஞ்சம் அடங்கினால் போதும், ஐயா கிணற்றடியில் இருந்து கேட்பார், என்ன, சத்தத்தைக் காணேல்லை? சத்தம் இல்லையென்றால் நித்திரை, இல்லையென்றால் கதைப் புத்தகம், இல்லையென்றால் அதைவிட மோசமான யோசனை. அப்படிக் கத்திக் கத்தித் தொண்டை கட்டி ஏ.எல். எடுத்தேன், கம்பசுக்கு எடுபடவில்லை, ரியூட்டரியில் விஞ்ஞானம் படிப்பித்தேன், படிப்பித்த பிள்ளைகள் எல்லாம் எடுபட்டார்கள். இடம்பெயர்ந்து இந்தக் காட்டுக்கு வரும்போது பாயும் பானையும் விட்டுவிட்டு வந்தேன், அந்தக் காதை மட்டும் விட்டுவிட்டு வரவில்லை. நிரோவை ஒளித்த புதிதில் பங்கருக்குள் அவளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பார்ப்பேன். போத்தல் விளக்கு வெளிச்சத்தில் கண் மட்டும் வரி வரியாகப் போகும், வாய் மூடியிருக்கும். கேள்வி கேட்பேன், சரியாகச் சொல்லுவாள். இன்னொன்று கேட்பேன், அதையும் சொல்லுவாள். அப்படியும் எனக்கு நம்பிக்கை வராது, வரி தெரியாமல் பக்கத்தைப் புரட்டுகிறாளோ, வேறெதையோ நினைத்துக்கொண்டிருக்கிறாளோ. "அம்மா, எனக்கு மனசுக்க படிச்சாலும் ஏறும்" என்றாள் ஒருநாள். ஏறும், ஆனால் நிக்காது என்றேன். பிறகு காட்டுக்குள் பீரங்கியைக் கொண்டுவந்தார்கள். முதல் அடி போனபோது பாத்திரம் எல்லாம் குலுங்க, நான் ஓடிப்போய்ப் பங்கர் வாசலில் நின்று, பயப்படாதே பிள்ளை என்று சொல்லவில்லை, அதைச் சொல்ல நினைவு வரவில்லை, இப்ப வாசி என்றுதான் சொன்னேன். "இப்ப ஒருத்தருக்கும் கேளாது. வாய்விட்டு வாசி." அடி போனால் வாசி, அடி ஓய்ந்தால் நிறுத்து. அதுதான் சட்டம். இவர்தான் சொன்னார், அடி ஓய்கிறது உள்ளுக்கு இருக்கிறவளுக்கு எப்படித் தெரியும், ஒரு தட்டு, ஒரு சைகை வைக்க வேண்டும் என்று. படிக்கிற பிள்ளையை இடையில் தட்டிக் குழப்பக் கூடாது என்றேன். எனக்கு அந்தக் குரல் கேட்காமல் இருந்து இருந்து பசி வந்திருந்தது, அவ்வளவுதான் விஷயம். பிள்ளைக்காக என்றுதான் எல்லாரும் சொல்லுவோம்.

தொடங்கிவிட்டார்கள். தகரம் நடுங்குகிறது, சட்டி மூடி தானாக ஆடுகிறது. அடுத்தது. அதற்கடுத்தது. இந்தா, முருங்கைக்குக் கீழிருந்து குரல் எழும்புகிறது. மண்ணுக்குள் இருந்து வருவதால் கொஞ்சம் கம்மலாக, ஆனால் ஒரு சொல்லும் விழுங்காமல். பச்சைத் தாவரங்கள் சூரிய ஒளியைப் பயன்படுத்தித் தமக்கு வேண்டிய உணவைத் தாமே தயாரிக்கும் செயற்பாடு. ஒரு அடி. ஒளித்தொகுப்பு எனப்படும். இன்னொரு அடி. குண்டைப் போட்டு நிரப்புகிற நேரம் இவளும் மூச்சு எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டாள், முற்றுப்புள்ளி எங்கே போடுவது என்று இப்போது பீரங்கிக்காரன்தான் சொல்லித்தருகிறான். சூரிய ஒளியைப் பற்றி வாசிக்கிறவள் வெயிலைக் கண்டு மாதக் கணக்காகிறது. போன கிழமை தலைக்கு எண்ணெய் வைத்துவிடும்போது கழுத்தைப் பார்த்தேன், வெளிறிப்போய்ப் பச்சை நரம்பு தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டு நான் என்ன செய்தேன், பச்சையம் இல்லாத தாவரம் என்னவாகும் என்று கேள்வி கேட்டேன். அவள் சிரித்தாள், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது, பதிலைச் சொன்னாள். கெட்டிக்காரி. வகுப்பில் இவளை விட்டால் ஆளில்லை என்று சொல்லலாம், வகுப்புத்தான் இல்லை. ஒரு இடத்தில் மட்டும் எப்போதும் சறுக்குவாள், ஒளித்தொகுப்பில் எந்த வாயு உள்ளே போகிறது எது வெளியே வருகிறது, சுவாசத்தில் எது போகிறது எது வருகிறது, இரண்டையும் மாற்றிப் போட்டுவிடுவாள். எத்தனை தரம் சொல்லிக் கொடுத்தாலும் அந்த இடத்தில் ஒட்சிசனும் காபனீரொட்சைட்டும் ஒன்றின் கதிரையில் மற்றது ஏறி இருந்துவிடும். அதுவும் மனதில் நின்றுவிட்டால் விஞ்ஞானத்தில் பிழை பிடிக்க ஒன்றுமில்லை. ஆனால் அதை யாரிடம் சொல்ல? படிப்பிக்கிறது நான், சோதினை வைக்கிறது நான், திருத்துகிறது நான், முதலாம் பிள்ளை என்று கைதட்டுகிறதும் நான். ஒரு ரீச்சர் இல்லை, பிள்ளை நல்லாப் படிக்கிறா என்று கூப்பிட்டுச் சொல்ல. ஒரு பரிசளிப்பு இல்லை. நிவாரணத்துக்கு வரிசையில் நிற்கும்போது மற்றப் பெண்கள் தங்கள் சின்னப் பிள்ளைகளின் வாய்ப்பாட்டுக் கெட்டித்தனத்தை அளப்பார்கள், நான் நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் வாய்வரைக்கும் வந்துவிட்டது. உன் பிள்ளை வாய்ப்பாடு சொன்னால் பெரிதா, என் பிள்ளை மண்ணுக்குள் இருந்து படிக்கிறாள் என்று. அரிசிப் பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பக்கத்து வளவு ராசமலருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அவளுடைய மூத்ததைக் கிணற்றடியில் வைத்தே கொண்டுபோனார்கள், வாளி கிணற்றுக்குள் விழுந்து கிடந்தது, இன்றுவரை அதை எடுக்கவில்லை. நிரோவோடு ஒரே வகுப்பு. நிரோவுக்கு அடுத்தபடி. ஒருநாள் வேலிக்கு மேலால் பழைய வினாத்தாள் கட்டு ஒன்றை நீட்டினாள், என் முகத்தைப் பார்க்காமல். "என்ர பிள்ளையின்ர. எனக்கினி எதுக்கு. உமக்குத் தெரிஞ்ச ஆருக்கும் உதவுமெண்டால் குடும்." மன்னாருக்கு அனுப்பிவிடுகிறேன் என்றேன், நெஞ்சாரப் பொய். ஓம், அனுப்பும் என்றாள். அந்த வினாத்தாளில் அவளுடைய பிள்ளை பென்சிலால் மெல்லிசாக விடை எழுதிப் பார்த்திருந்தாள், நான் அழித்துவிட்டு நிரோவிடம் கொடுத்தேன். பார்த்து எழுதிவிடுவாள் என்ற பயத்தில் அழித்தேன். வேறு எதையும் யோசிக்கவில்லை. பிறகு இரவில் நினைத்தேன், ராசமலருக்கு மகளிடமிருந்து மிஞ்சியிருந்த எழுத்து அதுவாகத்தான் இருக்கும். ராசமலர் எங்களைக் காட்டிக் கொடுக்கலாம், கொடுத்தால் குறை சொல்லவும் ஏலாது, என் பிள்ளை போக உன் பிள்ளை இருந்து படிக்கிறதோ என்று அவள் கேட்கலாம். கொடுக்கவில்லை. அவளுக்கு இருக்கிற மனசு எனக்கு இருந்திருக்காது, அது எனக்கு நன்றாகத் தெரியும். சோறு பதமாகிறது, அகப்பையால் நாலு பருக்கை எடுத்து நசித்துப் பார்த்தேன், இன்னும் ஒரு கொதி வேண்டும். பாடத்தில் இரண்டாம் பந்தியை வாசித்து முடித்துவிட்டாள் போலிருக்கிறது, இப்போது அந்த வாயு வருகிற இடத்துக்கு வரப்போகிறாள். நான் அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறேன். தாவரங்கள் வளியிலிருந்து.

ஏன் சத்தத்தைக் காணவில்லை? இல்லை, அவளுடைய சத்தம் இருக்கிறது. மற்றதைக் காணவில்லை. தகரம் சும்மா இருக்கிறது. அடி ஓய்ந்துவிட்டது, எப்போது ஓய்ந்தது, நான் கேட்டுக்கொண்டுதானே நின்றேன், எதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். வளியிலிருந்து ஒட்சிசனை உள்ளெடுத்து என்கிறாள், பிழை, மாற்றிவிட்டாள், ஐயோ அது பிழை பிள்ளை, இல்லை, நிறுத்து, நிறுத்தடி. குரல் வெட்டவெளியில் தனியாக நிற்கிறது. ஒரு காகம் கூடக் கத்தவில்லை. இவ்வளவு பெரிய குரலா இவளுக்கு? ஒழுங்கை முழுக்கக் கேட்குமே, சந்திவரைக்கும் கேட்குமே. கூப்பிட முடியாது, கூப்பிட்டால் பேரைச் சொல்ல வேண்டும். ஓடலாம், காலில் சோற்றுக்கஞ்சி ஊற்றிக்கொண்டேன், எப்போது பானையில் கை வைத்தேன், தெரியவில்லை. காபனீரொட்சைட்டை வெளிவிடுகின்றன. நின்றுவிட்டது. அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையால் வாயைப் பொத்தியிருப்பாள். எத்தனை வசனம் போனது வெளியே, ஒன்றா, ஒன்றரையா, ஒழுங்கையில் யாரும் இல்லை, இந்த நேரத்தில் யார் வரப்போகிறார்கள், ராசமலர் கேட்டால் கேட்கட்டும். சைக்கிள் பிரேக் பிடிக்கிற சத்தம். எங்கள் படலைக்கு நேரே. ஒரு கால் மண்ணில் ஊன்றுகிற சத்தம். கால் எரிகிறது, தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றவில்லை. அடுப்பங்கரைத் தட்டிக்கு இடையால் பார்க்கிறேன், இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டி, நீளக் கால்சட்டை, மேலே தளர்ந்த சேட்டு, இடுப்பில் பட்டி. வாகினி. இயக்கத்தில் வைத்த பேர், வீட்டில் வைத்த பேர் என்னவோ. முந்தியும் வந்தவள்தான். மகள் எங்கேயம்மா என்று கேட்டு, மன்னாரில் என்றதும் சரியம்மா என்று போனவள்.

"அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தருவியளோ?" படலையைத் திறந்து வந்துவிட்டாள். வாங்கோ பிள்ளை என்று என் வாய் சொல்லுகிறது. வாய்க்கு எல்லாம் பழக்கம். குடத்திலிருந்து செம்பில் வார்க்கிறேன், ஒரு துளி சிந்தவில்லை, கையை நான் மெச்சிக்கொள்கிறேன். பொய்யை ஆயத்தமாகத்தான் வைத்திருக்கிறேன், எத்தனையோ நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்தது, மனதுக்குள் படித்தால் நிற்காது என்பேனே, இது நின்றுவிட்டது. அவள் கேட்கட்டும். கேட்கவில்லை. அண்ணாந்து குடிக்கிறாள், தொண்டை மேலும் கீழும் போகிறது, இருபது இருபத்திரண்டு இருக்கும், கழுத்தில் நஞ்சுக் குப்பி கோத்த கறுப்புக் கயிறு, அதைப் பார்க்கக் கூடாது. குதிக்கால் வெடித்துக் கிடக்கிறது, என்ன எண்ணெய் போட்டாலும் போகாத வெடிப்பு. செம்பைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்டாள், ஆரம்மா வாசிச்சது என்று. நான்தான் பிள்ளை என்றேன், முந்தி ரியூட்டரியில் படிப்பித்தவள், பின்னேரம் இந்தச் சின்னஞ்சிறுசுகளுக்குச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் ஒருக்கால் வாசித்துப் பார்ப்பேன், பழைய பழக்கம், வாய்விட்டு வாசிக்காவிட்டால் எனக்கு ஏறாது. நான் மனதில் எழுதி வைத்திருந்த விடையை ஒரு சொல் தவறாமல் ஒப்புவித்துவிட்டேன். அவள் என் தொண்டையைப் பார்த்தாள். என் குரல் ரியூட்டரியிலேயே கட்டிப்போன குரல், தகரத்தைச் சுரண்டுவது மாதிரி இருக்கும். முருங்கைப் பக்கம் அவள் பார்க்கவில்லை. பார்க்கவே இல்லை. பார்க்காமல் இருக்கிறதுக்கு அவள் கொஞ்சம் பாடுபட்டது மாதிரி எனக்குத் தெரிந்தது, அல்லது நான் அப்படி நினைக்க ஆசைப்பட்டேனா. "ஓமம்மா" என்றாள். "எங்கட வீட்டிலயும் வாய்விட்டுத்தான் படிக்கவேணும்." காலில் என்ன சிவந்திருக்கிறது, எரிகாயமா, எண்ணெய் போடுங்கோ என்றாள். போகத் திரும்பினாள். படலைவரைக்கும் கூடப் போனேன், வந்தவர்களைப் படலைவரை கொண்டுபோய் விடாமல் இருக்க எனக்குத் தெரியாது. அவள் எடுத்து வைத்த ஒவ்வொரு அடியும் என் நெஞ்சில் இருந்த கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போனது. இவர் வந்ததும் சொல்ல வேண்டும், எழுத்தை எழுதிப் போடுங்கோ, கேதீசுக்கே கொடுங்கோ, நாளைக்கே, சோதினை கிடக்கட்டும் என்று சொல்ல வேண்டும். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். வாழ்க்கையில் முதல்தரம் அப்படி நினைத்தேன்.

அவள் சைக்கிளில் ஏறிவிட்டாள். ஒரு கால் மிதியில், ஒரு கால் நிலத்தில். கைபிடியைப் பார்த்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், யாரோடோ கதைப்பது மாதிரிச் சொன்னாள்.

"பிள்ளை நல்லாப் படிக்கிறா அம்மா."

எவ்வளவு நாள். எவ்வளவு நாள் நான் அதைக் கேட்டு. மண்ணுக்குள் இருந்து வந்த அந்தக் குரலை என்னைத் தவிர இன்னொரு மனிசியும் கேட்டு, நல்லது என்று சொல்லிவிட்டாள். எனக்கு உள்ளங்காலில் இருந்து தலைவரைக்கும் ஒரு சூடு ஏறியது, அது பயமில்லை, பயம் பிறகுதான் வந்தது, பொய் சொல்லி என்ன, அது பெருமை. பெருமைக்கு ஒரு தாய் என்ன சொல்லுவாள்? எந்த ரீச்சர் சொன்னாலும், எந்த அயல் சொன்னாலும், கண்ணூறு பட்டுவிடும் என்று பிள்ளையைக் கொஞ்சம் தாழ்த்தி, ஆனால் தாழ்த்துவதற்குள் உயர்த்தி, எங்கள் அம்மா சொன்ன மாதிரி, எங்கள் ஒழுங்கையில் அத்தனை தாய்மாரும் சொன்ன மாதிரி, அது நான் யோசித்துச் சொன்னதில்லை, செம்பில் தண்ணீர் வார்க்கிற மாதிரித் தானாக வந்தது.

"எங்க பிள்ளை, விஞ்ஞானம் பரவாயில்லை. கணக்கிலதான் அவளுக்குக் கவனம் காணாது."

சொல்லி முடித்தேன். முடித்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது. ஒழுங்கை அப்படியே இருந்தது, ராசமலரின் வேலி அப்படியே இருந்தது. வாகினி கண்ணை மூடித் திறந்தாள். பொறி வைத்தாளா, இல்லை அவளுக்கும் அந்த வசனம் தன்பாட்டில் வாயில் வந்துவிட்டதா, போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்றுதான் இருந்தாளா, என்னவென்று நான் இனி எத்தனை காலத்துக்கு யோசித்தாலும் தெரியப்போவதில்லை. பிடித்துவிட்டேன் என்ற முகம் இல்லை அது. களைத்த முகம். நான் ஒரு சொல் சொல்லாமல் நின்றிருந்தால், தலையை மட்டும் ஆட்டியிருந்தால், வாயை மூடியிருந்தால். வாயை மூடு என்று எனக்கு யாருமே சொல்லித்தரவில்லையே, வாய்விட்டு, வாய்விட்டு என்றுதானே சொன்னார்கள்.

"எங்கட அம்மாவும் உப்பிடித்தான் சொல்லுறவ" என்றாள்.

சைக்கிளால் இறங்கினாள். ஸ்ராண்டைக் காலால் தட்டி நிறுத்தினாள். நான் படலையில் குறுக்கே கையை வைத்தேன், வைத்தேன் என்றுதான் நினைக்கிறேன், அவள் என் கையைப் பிடித்து மெல்ல எடுத்துவிட்டாள், எரிகாயத்துக்கு எண்ணெய் போடச் சொன்னாளே அந்த மெல்லிசோடு. அடுப்பில் சோறு அடிப்பிடிக்கிற மணம் வந்தது. அப்போது தேக்கங்காட்டுப் பக்கம் திரும்பவும் தொடங்கினார்கள். ஒன்று போனது, தகரம் நடுங்கியது. இன்னொன்று. வேண்டாம் பிள்ளை என்று கத்தினேன், என் சத்தம் எனக்கே கேட்கவில்லை, அடி போகும்போது யாருக்கும் எதுவும் கேட்காது என்பதுதானே எங்கள் சட்டம். முருங்கைக்குக் கீழிருந்து குரல் எழும்பியது. சொன்ன சொல் தட்டாத பிள்ளை. விட்ட இடத்திலிருந்து இல்லை, பிழைவிட்ட வசனத்தின் தொடக்கத்துக்கே போய்த் திரும்பவும் வாசித்தாள். தாவரங்கள் வளியிலிருந்து காபனீரொட்சைட்டை உள்ளெடுத்து ஒட்சிசனை வெளிவிடுகின்றன. வாகினி நின்று கேட்டாள், நானும் நின்று கேட்டேன். இரண்டு வாயுவையும் இந்த முறை மாற்றவில்லை.